முப்பத்து மூன்றாவது வாரம்

இப்போதெல்லாம் யாரும் சும்மா பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை. கடையில் பதிந்துவிட்டுத்தான் பெற்றுக்கொள்கிறார்கள். சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த பெரிய காரியம் இதுதான் என்று மாப்பிள்ளை உறுதியாக நம்பினார். மாமனார் நம்பவில்லை. அவர் நாற்பது வருஷம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியவர். தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

கடைத்தெரு முனையில் மூன்று மாடிக்குக் குழந்தைச் சாமான் மட்டுமே விற்கிற கடை ஒன்று. மகளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போதே அதன் ‘பாசப் பிணைப்பு உறவுத் திட்ட’த்தில் மாப்பிள்ளை சேர்ந்துவிட்டார். பிரசவத் தேதி, ரத்த வகை, தாயின் செருப்பு அளவு என்று பத்தொன்பது கேள்விகள். பரீட்சை எழுதுகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிறகு வாரம் தவறாமல் கைபேசியில் செய்தி வந்தது. ‘உங்கள் செல்வம் இன்று ஓர் எலுமிச்சம்பழ அளவு.’ அதைக் காலையில் எழுந்து நின்று வாசிப்பார். மகள் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பை விழுங்குவாள். கடைக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறானா என்று பெரியவர் ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு அவர் ‘பழைய தலைமுறை’ ஆகிவிட்டார்.

குழந்தை அந்தச் செய்திகளைப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பெண். ஆஸ்பத்திரியில் கட்டிய டயப்பர் அக்குள் வரை வந்தது. உரசி உரசித் தொடை புண்ணாகி, பாலும் குடிக்காமல் அழுதுகொண்டே கிடந்தது. குறைமாதக் குழந்தைக்கென்று ஆகச் சிறிய அளவு இருக்கிறது, இந்த ஊரில் அந்த மூன்று மாடிக் கடையில்தான் கிடைக்கும், உடனே வாங்கி வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். மாமனாரும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். திட்டத்தில் சேர்ந்ததன் அருமை இன்றைக்குத் தெரியும் பாருங்கள் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெரிந்தது.

இரண்டாம் மாடியில் ‘உறவு மேலாளர்’ என்று சட்டையில் குத்திக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் உறுப்பினர் அட்டையை வாங்கித் தேய்த்தார். திரையைப் பார்த்தார். முகத்தில் கருணை பொங்கியது.

“சார், உங்களுக்கு இது முப்பத்து மூணாவது வாரம். குழந்தை இன்னும் பொறக்கலை.”

“பொறந்து நாலு நாள் ஆச்சும்மா,” என்றார் பெரியவர்.

“கம்ப்யூட்டர்ல பொறக்கலை ஐயா.”

பிறகு அவர் விளக்கியதில் ஓர் அரசியல் சாசனத்தின் கம்பீரம் இருந்தது. ஆகச் சிறிய டயப்பர் உறுப்பினர்களுக்கு ‘வரவேற்புப் பெட்டி’யில் இலவசம். குழந்தை பிறந்த பிறகுதான் பெட்டி. இலவசமாகக் கிடைக்கப்போகிற பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் உறுப்பினரின் மனம் புண்படும் அல்லவா? ஆகவே உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அதை விற்பதற்கில்லை. தேதியை மாற்றலாம். தாய் பிறப்புச் சான்றிதழோடு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால், தலைமை அலுவலகம் ஏழு வேலை நாளில் பரிசீலிக்கும். அதுவரைக்கும் முப்பத்து மூன்றாவது வாரத்துக்கு உரிய சலுகையாகக் கர்ப்பிணித் தலையணை ஒன்று தரத் தயார்.

மாப்பிள்ளை தலையணையை வாங்கிக்கொண்டார்.

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் ஆளாகப் போய்க் கேளுங்கள் என்று பெரியவர் அவர் காதருகே சொன்னார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. சாமான் வாங்கி வாங்கிச் சேர்த்த புள்ளிகளெல்லாம் போய்விடுமாம். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அவர் ‘வெள்ளித் தந்தை’யாம்.

“அவசரப்பட்டு உறவை முறிச்சுக்கக் கூடாது மாமா.”

பெரியவர் மேலாளர் பக்கம் திரும்பினார். “அட்டையே இல்லாதவன் வந்து கேட்டா?”

“அவங்களுக்கென்ன ஐயா, கீழ அலமாரில இருக்கு. எடுத்து பில் போட்டுக்க வேண்டியதுதான்.”

பெரியவர் விறுவிறுவென்று படி இறங்கினார். விதிப்படி நீங்களும் குடும்பத்தார்தான் என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை தலையணையோடு பின்னால் ஓடி வந்தார். கீழே பில் போடுகிற பெண், அவர் எடுத்து நீட்டிய டயப்பர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். திட்டத்தில் இருக்கிற யாருக்காவது நீங்கள் உறவா?

பெரியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். டயர் கறுப்பு ஏறிய அவருடைய கட்டைவிரலை, அன்று காலையில்தான் பேத்தி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தாள்.

“எனக்கு யாரும் இல்லைம்மா. பில்லைப் போடு.”

“மாமா, பொய் சொல்றீங்க,” என்றார் மாப்பிள்ளை கூச்சத்தோடு.

“இவர் யாருன்னே தெரியலைம்மா. தலையணையைத் தூக்கிக்கிட்டு மேலேருந்து பின்னாடியே வர்றார்.”

பில் விழுந்தது. பெரியவர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். யாருமில்லாதவர்களும் சேரலாம், சேர்ந்துவிட்டால் இந்தக் கடையே உங்களுக்கு உறவு என்றாள்.

“உறவுன்னு பதிஞ்சு வெச்ச பிள்ளை அங்க புண்ணோட அழுவுது. அதுக்கு இல்லைன்னீங்க. யாருமில்லைன்னு சொன்னேன், கையில கொடுத்துட்டீங்க. நான் இப்படியே இருந்துக்கறேன் தாயி.”

விண்ணப்பத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, பெரியவர் ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தார்.