மதிப்பெண் பக்கம் ஓடுகிறது, தாங்கள் வர வேண்டாம்

உ

சிதம்பரம்,
7.10.2008

அன்புள்ள அன்பரசு மாமா அவர்களுக்கு,

எழிலன் வணக்கத்துடன் எழுதும் மின்னஞ்சல். இங்கு நலம். அக்காளும் தாங்களும் சுகமென்று நம்புகிறேன். "நான் வந்தாதான்டா அது ஓடும்" என்று, கம்ப்யூட்டர் தொழிலில் மூத்தவரான தாங்கள் போனில் சொன்னீர்கள். நிற்க, ஓடிவிட்டது.

விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் கல்லூரித் தாளாளர் பெற்றோர் முன்னிலையில் மதிப்பெண் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் திறக்காவிட்டால் வேலை கடலூர் கம்பெனிக்கு, நான் ஜெராக்ஸ் அறைக்கு. அந்தப் பக்கத்துக்காக பி.எச்.பி.யில் எக்ஸ்டென்ஷன் எனும் ஒட்டு நிரல் ஒன்றைக் கம்பைல் செய்தேன். அது ஓட லைப்ரரி என்ற துணைக் கோப்பு ஒன்று வேண்டும். சர்வரில் அதே பெயரில் பழையது ஒன்று, நான் போட்ட புதியது ஒன்று. கம்பைல் ஆகும்போது புதியதைப் பார்க்கிறது, ஓடும்போது பழையதைப் பிடித்துக்கொண்டு விழுகிறது, எழுப்பினால் மறுபடியும் விழுகிறது, இப்படியே நான்கு நாள். எலக்ட்ரீஷியன் கொளஞ்சி எட்டிப்பார்த்து, "ரெண்டு இருந்தா ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டுப் போவியா, இதுக்குப் போயி..." என்றார். பழையதை அழித்தேன். ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் மங்கலம் அக்கா வந்து நின்றார். "தம்பி, ஹால் டிக்கெட் பிரிண்டே ஆவல, புள்ளைங்க லைனு சேத்தியாத்தோப்பு வரைக்கும் நிக்குது!" ஹால் டிக்கெட்டுக்குப் பழையதுதான் வேண்டுமாம்; திருப்பிப் போட்டேன். கடைசியில், புதிய லைப்ரரி இருக்கும் இடத்தை ஒரே வரியில் டைப் செய்து சொல்லிவிட்டு, அதே கையோடு வெப் சர்வரைக் கிளப்பினேன். ஓடியது. காலையிலிருந்து ஓடுகிறது. எனக்கே பெருமையாக இருக்கிறது, மாமா.

அக்காளுக்கு என் அன்பு. பண்டிகை நல்லபடியாக அமைய வேண்டுகிறேன்.

தங்கள் மைத்துனன்,
எழிலன்

பி.கு.: இதை அனுப்புவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜைக்கு முன் எல்லா மிஷினையும் அணைத்துப் பொட்டு வைப்பது இங்கே வழக்கம். சூடம் காட்டியதும் மங்கலம் அக்காவே சர்வரை ஆன் செய்தார். எங்கும் சேமிக்காமல் நான் டைப் செய்த வரி, அணைத்ததோடு போய்விட்டது. பக்கம் பழையபடி விழுந்து கிடக்கிறது. கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினேன். "பூஜைல வெச்சத விஜயதசமி அன்னைக்குப் பத்து மணிக்கு மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சுவிட்சையும்தான்" என்று லேபைப் பூட்டிவிட்டார். அதனால் கீழவீதி பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்தே நெட் வழியாகச் சர்வருக்குள் நுழையலாம். ஆனால் தொடமாட்டேன் என்று என்னிடம் சூடத்தின்மேல் சத்தியம் வாங்கிவிட்டார். உங்களிடம் வாங்கவில்லை. பாஸ்வேர்டு நம் அக்காள் பெயர்தான், மாமா.