அரைக் கிலோ கிரேன்

ஐம்பத்தைந்து வயது வரை எந்தப் பொருளையும் தரையில் இழுக்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் போர்மேன்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். தூக்கித்தான் போடுவார். கட்டிலைத் தூக்குவார், பீரோவைத் தூக்குவார். நடக்க மாட்டேன் என்று படுத்துவிட்ட ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சந்தையிலிருந்து திரும்பியதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாகப் போர்மேன். வெடிமருந்து இருக்கிற இடத்தில் உரசல் கூடாது என்பது அங்கே முதல் பாடம். பெட்டியை இழுத்தால் உரசும், உரசினால் பொறி, பொறிக்கு அப்புறம் பாடம் கேட்க ஆள் இருக்காது. இந்தப் பாடத்தைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. திருத்தங்கல் வீட்டு வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக, வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல். அவருக்கு ஒரு பெயர் உண்டென்றும் அது ரேஷன் கார்டில் இருப்பதாகவும் சொல்வார்கள். அவர் மனைவியே, "போர்மேன் இன்னும் வரல, அப்புறமா வாங்க" என்றுதான் சொல்வார்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மதுரையிலிருந்து பிழைக்க வந்து, ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்தடியான ருஷ்ய நாவல்களைப் படித்து முடித்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தோடு நான் திருத்திய ஒரு தினசரிக் காலண்டரில், ஒரே வாரத்தில் இரண்டு வியாழக்கிழமைகள் வந்தன. வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. முதலாளி மட்டும் சொன்னார்.

போர்மேனுக்குக் கிரேன் மீது காதல் வந்தது கயத்தாறுப் பக்கம். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற வழியில், காற்றாலை நட்டுக்கொண்டிருந்த ஒரு கிரேனைப் பார்த்திருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி இறங்கியவர், அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

"எம்புட்டுப் பெரிய எறக்கை, புரூப் சார்" என்றார் என்னிடம். "தென்னை மரம் நாலு சேத்து வச்சாப்புல. அம்புட்டையும் அலேக்கா தூக்குது. தரையில ஒரு உரசல் இல்ல. நம்ம தொழிலுக்குன்னே செஞ்ச மிசினு. அவனுகளுக்குத்தான் தெரியல."

அவர் மச்சான் எப்போதோ சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி பிளாஸ்டிக் கட்டை கொண்டுவந்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமுக்கினால் கவ்விக்கொள்ளும் விளையாட்டுக் கட்டைகள். மகள் முத்துச்செல்விக்காக வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் அவள் வளர்ந்து பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே ஒரு கிரேன் கட்டுவதற்காக அந்தப் பெட்டியைப் போர்மேன் பிரித்தார்.

"இரும்புல செஞ்சா லேசா முடிஞ்சிருமே அண்ணாச்சி" என்றேன்.

"இரும்பா? வீட்டுக்குள்ளயா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச ஆளு பேசுற பேச்சா இது."

ஒரு பெட்டி கால் முளைக்கவே பத்தவில்லை. அதன்பிறகு வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளை எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார். மற்றவர்களுக்குத் தைலமும் சென்ட்டும் வந்தன. போர்மேனுக்குக் கட்டை வந்தது. இரண்டு வருஷத்தில் அவர் ஹாலில் உத்தரத்தைத் தொடுகிற உயரத்துக்கு ஒரு கிரேன் நின்றது. சிவப்பில் ஆரம்பித்து, சிவப்பு தீர்ந்ததும் மஞ்சளாகி, அதுவும் தீர்ந்ததும் ஊதாவாகி முடிந்தது. டேப்ரிக்கார்டர் மோட்டார்கள் மூன்று, மொபெட் பேட்டரி ஒன்று. அதன் நீட்டுக்கை ஹாலைத் தாண்டி அடுப்படி வரை போனதால், அடுப்படிக் கதவை மூடியே பல மாசம் ஆகியிருந்தது. கம்பெனி அறைகளில் எழுதியிருப்பது போல அடியில் ஓர் அட்டை: "தூக்கும் அளவு அரைக் கிலோ. ஆள் அளவு நாலு." ஹாலில் ஐந்தாவது ஆள் நுழைந்தால் ஒருவர் வெளியேற வேண்டும். "நான் எத்தனையாவது ஆளு?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க கணக்குல வர மாட்டீக" என்றார்.

எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், முத்துச்செல்விக்கு வரன் பார்க்க ஆரம்பிக்காமல் இருந்திருந்தால். முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, எழுந்தபோது கிரேன் கொக்கி கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு முழம் மல்லிகைப் பூ மேலேயே நின்றுவிட்டது. இரண்டாவதாக வந்தவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: "மாமனாரே பொம்மை வச்சு வெளையாடுறாரு. நாளைக்குப் பேரன் பொறந்தா ரெண்டு பேருக்கும் யாரு பஞ்சாயத்துப் பண்றது?"

மூன்றாவது வரன் தாயில்பட்டியிலிருந்து. மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் செல்போன் ரிப்பேர் கடை. போட்டோவைப் பார்த்ததிலேயே முத்துச்செல்விக்குப் பிடித்துவிட்டது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போர்மேன் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வரனும் தட்டிப்போச்சுன்னா நீங்களும் அந்தக் கிரேனும் சேந்து குடும்பம் நடத்துங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அதப் பிரிக்கணும்."

அன்று போர்மேன் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். "பிரிச்சிருவேன், புரூப் சார். பொண்ண விடப் பெருசா." பிறகு, "மணல் பையத் தவிர வேற ஒண்ணும் தூக்கல அது" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "பிரிப்பானேன் அண்ணாச்சி? பலகாரத் தட்டை அடுப்படியிலேருந்து கிரேனே கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால வச்சா? அசந்துருவாங்க" என்றேன். புத்தகம் படிக்கிறவர்களிடம் ஆலோசனை கேட்கக் கூடாது என்பதற்கு ஊரில் இன்னும் என்னைத்தான் உதாரணம் சொல்கிறார்களாம்.

ஞாயிறு காலை பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். போர்மேன் வாசலில் நின்று, "வாங்க, வாங்க. நாலு நாலு பேரா வாங்க" என்றார். வரன் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவும் தாயில்பட்டிக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்க்கிறவர். அவர் முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. திரும்பி, "ஏலே, பிரிஞ்சு நில்லுங்க. மொத நாலு நாங்க. செல்லையெல்லாம் வெளிய வச்சிருங்க" என்றார். மாப்பிள்ளை பையிலிருந்து மூன்று செல்போன்கள் வந்தன. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக ஒவ்வொருவராகக் குனிந்து செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பழக்கம் கைகளிலேயே இருந்தது.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மாமா நாலு பேரும் உட்கார்ந்தார்கள். போர்மேன் ஐந்தாவது ஆளாகிவிடாமல் வாசற்படியில் நின்றபடியே சுவிட்சைப் போட்டார். அடுப்படிக்குள்ளிருந்து நீட்டுக்கை மெதுவாக எழும்பியது. அதில் அல்வாவும் சாத்தூர்ச் சேவுமாக ஒரு தட்டு. மாப்பிள்ளையின் அப்பா சாமியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். தட்டு ஹாலின் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

நடந்தது இதுதான். அரைக் கிலோ அளந்து கட்டிய தட்டைக் கடைசி நிமிஷத்தில் பார்த்த போர்மேன் மனைவி, வந்தவர்களுக்கு இப்படிக் கொஞ்சமாகவா வைப்பது என்று மேலும் அரைக் கிலோ அல்வாவை அள்ளி வைத்துவிட்டார். மோட்டார் முனகியது. பிறகு அதற்குள்ளிருந்து நீலமாக, கடுகளவு, ஒரு பொறி.

"ஓடுங்க" என்றார் போர்மேன்.

வேறு ஊராக இருந்தால் எங்கே, எதற்கு என்று கேட்டிருப்பார்கள். உள்ளே இருந்த நாலு பேரும், அடுப்படியில் இருந்த போர்மேன் மனைவியும், நாற்காலி விழுவதற்கு முன் தெருவில் இருந்தார்கள். வெளியே நின்ற பத்துப் பேர் தெருமுனையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டார் அதையும் தாண்டியிருந்தார்கள். அறைக்குள் வாயைத் திறந்தபடி நின்றது நான் ஒருவன்தான். மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வந்து வாசல் வழியாகக் கையை நீட்டி, சட்டைக் காலரைப் பிடித்து என்னை வெளியே எடுத்தார். என்னைத்தான் இழுத்தார். போர்மேன் அதைக் கவனிக்கவில்லை.

வேப்ப மரத்தடியில் அவர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஓடி வந்ததும் எண்ண வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்திவிட்டார்.

"முத்துச்செல்வி" என்றார்.

வெளியே வந்தவன் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. முப்பது வருஷமாக ஆயிரம் பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. மாப்பிள்ளையின் அப்பா பிடிக்கப் பார்த்தார். கையில் மேல்துண்டுதான் மிஞ்சியது. வேட்டி அவிழ்ந்து வாசலில் கிடந்தது. அண்டர்வேரோடு போர்மேன் உள்ளே ஓடினார்.

பின்னாலேயே எட்டிப் பார்த்தோம். முத்துச்செல்வி பட்டுச் சேலையில், ஒரு கையில் பேட்டரியிலிருந்து பிடுங்கிய ஒயரும் மறு கையில் அல்வாத் தட்டுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"மோட்டாரு தாங்கலப்பா, அம்புட்டுத்தான். எதுக்கு ஊரையே வெரட்டுறீக?"

போர்மேன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீட்டுக்கை முறிந்து, கட்டைகள் அவரைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த வரனும் போயிற்று என்று நான் மனதுக்குள் எழுதியே விட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை எடுத்து உதறி, போர்மேன் மடியில் போட்டார்.

"எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் ஓடிட்டோம், சம்மந்தி. ஒயரப் புடுங்கணும்னு இந்தப் புள்ளைக்குத்தான் தோணிருக்கு. எங்க வீட்டுக்கு இப்படி ஒரு ஆளு வேணும்."

சம்மந்தி என்ற சொல்லைப் போர்மேன் மனைவிதான் முதலில் கவனித்தார். போர்மேன் மகள் கையை விடவே இல்லை. "புள்ள வெளிய வரலன்னு எண்ணுறதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கணும், புரூப் சார்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் படித்த தடித்த நாவல்களில் எத்தனையோ தகப்பன்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. அண்டர்வேரோடு உள்ளே ஓடிய அந்த மனிதரின் நிஜப் பெயர் மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.