ட்ரெயினிங் டொக்டரின் ஒரே நோய்

எங்கள் ட்ரெயினிங் டொக்டரைப் போல ஓர் அறுவையான மனிதரை சப்ரகமுவ மாகாணம் இதற்கு முன் பெற்றதில்லை, இனியும் பெறாது. முதலில் ஒன்று: அவர் டொக்டரே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், தெஹியோவிட்டைக்கு மேலே நான் கிளாக்கராக இருந்த ரப்பர் தோட்டத்தின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். இருமலுக்கும் இடுப்பு வலிக்கும் ஒரே ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் இருந்தார். எந்தப் புண்ணியவானோ அவரை நரம்பு நோய்ப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். எங்கள் நிம்மதி அன்றோடு போயிற்று.

திரும்பி வந்தவரின் கழுத்தில் டை, கையில் ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல், சட்டையில் பயிற்சியில் குத்திவிட்ட பெயர் அட்டை. அந்த அட்டையை அவர் கல்யாண வீட்டில்கூடக் கழற்றவில்லை.

"கிளாக்கர், ஒடம்பைக் காவல் காக்குற சக்தி சில பேருக்குப் புத்தி பெரண்டு சொந்த நரம்பையே கடிச்சுரும். கரண்டு வயர்ல மேல்தோல் உரிஞ்சா என்னாகும்?"

"ஷாக் அடிக்குங்க."

"பல்பு ஒழுங்கா எரியாது! அதான் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்!"

அன்று முதல் தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த நோய்தான். ஸ்டோர்காரருக்குக் கண் மங்கலாம். "கண் நரம்பு அவுட்" என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டோர்காரர் போட்டிருந்தது பெண்டாட்டியின் கண்ணாடி. பெரிய கங்காணியின் உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தார். கூச்சத்தில் கங்காணி விட்ட உதை தாடையில் விழுந்தது. "ரிப்ளெக்ஸ் நல்லா இருக்கு" என்றார், தாடையைப் பிடித்துக்கொண்டே.

பிறகு ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு நாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் பதிய நின்ற அத்தனை பேரையும் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். அந்நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரையின் ஜீப் வந்து நின்றது.

"மே மொகத? ஸ்ட்ரைக் எகக்த?" இதென்ன, வேலைநிறுத்தமா என்று துரை சிங்களத்தில் அலறினார்.

"ரிசர்ச், சேர்!"

துரை அவரைத் திட்டியதை அச்சில் போட முடியாது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பாக்கியம் என்ற பெண்ணுக்குக் கால் மரத்தது. இளம் வயது, கைக்குழந்தைக்காரி. காலையில் மலையேறியவளை மத்தியானம் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். "பேய் அடிச்சிருக்கு" என்றது லயத்துச் சனம். இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கத் தயாராக நின்றேன். முழங்காலைத் தட்டினார், பாதத்தைக் கீறினார். வழக்கமான தீர்ப்புக்குப் பதிலாகச் சுத்தியலைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"கிளாக்கர், லொறி வேணும். இப்பவே."

"அது பால் ஏத்துற லொறிங்க."

"பால் நாளைக்கும் வரும்யா!"

அவிசாவளை ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நாங்களும் போனோம். வார்டு வாசலில் ட்ரெயினிங் டொக்டர் டையை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"அதேதான் கிளாக்கர். முழுசாக் கொணமாக்க மருந்தில்லைன்னு சொல்லிக் குடுத்தாங்க. இத்தனை நாளும் வெளையாட்டாத் திரிஞ்சிட்டேன். புள்ள வேற சின்னது."

வெளியே வந்த நரம்பு டொக்டர் நிதானமாகச் சொன்னார்: "அதே இனத்து நோய்தான், ஆனா நீங்க நினைக்கிறது இல்ல. முள்ளந்தண்டு நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் ஒரு தடவையோட நின்னுரும். மருந்து ஏத்துறோம். நடக்க வாய்ப்பிருக்கு."

நடந்தாள். சில வாரம் கழித்து, தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றது. ஒரு கையில் தடி, மறுகையில் புருஷனின் தோள், மெல்லப் படியிறங்கினாள். அவளுக்கு முன்னே குதித்திறங்கிய ட்ரெயினிங் டொக்டர், கடைக்காரன் முதல் கண்டக்டர் வரை எல்லோரையும் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"தப்புங்க! நான் சொன்னது தப்பு! எல்லாரும் வந்து பாருங்க, நான் சொன்னது சுத்தத் தப்பு!"

அந்த மனிதர் பேசி நான் எரிச்சல்படாமல் கேட்ட ஒரே பேச்சு அது. இன்னொரு தடவை கேட்கக் கிடைத்தால் தேவலை.