பந்தி அண்ணனும் பசித்த நட்சத்திரமும்

பிஹெச்பி என்ற கணினி மொழியின் நிரலில் வரும் `.*`, அதாவது புள்ளியும் நட்சத்திரமும், வெறும் அலங்காரம், கோலத்து ஓரத்தில் பூ வைப்பதுபோல என்று நம்பியவன் நான். கப்பலூரில் பார்த்த வேலை போய், நடுவயதில் கோச்சடை மாடியறை ஒன்றில் நிரல் எழுத உட்கார்ந்தவனின் ஞானம் அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலி பந்தி அண்ணனுடையது. மதுரையில் அவர் பரிமாறாத கல்யாணமே கிடையாது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் யார் கையிலாவது இருக்கும் சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொள்வார். மாப்பிள்ளை தாலி கட்ட மறந்தாலும் மறப்பார், அண்ணன் ஓர் இலையை மறக்கமாட்டார். ஆபீஸில் வடை வாங்கினாலும் வரிசை தப்பாமல்தான் வைப்பார். பந்தி நடுவில் போனை எடுக்கவே மாட்டார். மனைவி பிரசவ வலியில் கூப்பிட்டபோதுகூட ரசம் ஊற்றி முடித்துத்தான் பேசினார் என்று ஊருக்குள் பேச்சு.

ஒரு முகூர்த்த நாள். அண்ணன் வழக்கம்போல கல்யாணத்துக்குப் போய்விட்டார். எங்கள் வரன் தேடும் தளத்தில் போன் எண்களை மறைக்கும் வேலை எனக்கு. ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு முடிவுக் குறி. நடுவில் இருப்பதை மறை என்று, பழைய நிரலில் பார்த்தபடியே `.*` போட்டேன். முதல் பெண்ணின் பெயர் நின்றது, கடைசிப் பையனின் ஊர் நின்றது. இடையில் இருந்த அத்தனை வரன்களும் மாயம்.

மத்தியானம் முதலாளி பார்க்க வருகிறார். இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வது? இத்தனை பேர் கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தை எங்கே கரைப்பது? அழகரை வேண்டிக்கொண்டே போனை எடுத்தேன்.

"அண்ணே, எல்லா வரனையும் அழிச்சுப்புட்டேன்."

"அழுகாத மாப்ள. எதையும் தொடாம இரு. வாரேன்."

சட்டையில் சாம்பாரோடு வந்து திரையைப் பார்த்தார்.

"உன் நட்சத்திரம் முதல் இலையில உக்காந்து கடைசி இலை வரைக்கும் தின்னுருக்கு. அவுகவுக இலையோட நிப்பாட்டுன்னு சொல்லணும்ல."

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டார்: `.*?`. வரன்கள் எல்லோரும் திரும்பி வந்து நின்றார்கள், எண்கள் மட்டும் மறைந்திருந்தன.

"அப்ப எதுவும் அழியலையாண்ணே?"

"காட்டுறப்பதான் மறைச்சிருக்க. உள்ள அம்புட்டும் பத்திரமா இருக்கு. என்ன வேண்டிக்கிட்ட?"

"அழகர்கோவிலுக்கு நடந்து வாரேன்னு. மொட்டையும்ணே."

"அது உன் பாடு."

முதலாளி வந்தார், பார்த்தார், காபி குடித்தார், போனார்.

நடந்தேன், மொட்டையும் போட்டேன். அதன் பிறகுதான் கேள்விப்பட்டேன். அன்று நான் கூப்பிட்டபோது முதல் பந்தி பாதியில் இருந்ததாம். வாளியை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிடவில்லை.