தானாக வந்த உயிரினம்

நகராட்சியின் பிராணிகள் நல வண்டி ஒரு நாயை மோதிவிட்டு நிற்காமல் போனதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அவசரம். பிராணிகளிடம் அன்பு காட்டுவது எப்படி என்ற கருத்தரங்குக்கு வேண்டிய நாற்காலிகள் அதற்குள்தான் இருந்தன. நாற்காலி வந்து சேராமல் அன்பை எப்படி ஆரம்பிப்பது?

அடிபட்ட நாய்க்கு மேனேஜர் என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் இஸ்திரி வண்டிக்கு அடியில் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, மேலே வேலை செய்கிற மனுஷனை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்க்கும். தானாக ஒரு வேலையும் செய்யாது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் டாணென்று எழுந்துவிடும். இஸ்திரிக்காரர் அதற்கு வேறு என்ன பெயர்தான் வைப்பார், பாவம்?

அவருக்கு அதன் மேல் உயிர். பின்னங்கால் முறிந்து, எலும்பு வெளியே தெரிய, அது தன்னை இழுத்துக்கொண்டு வண்டிக்கடியில் வந்து சேர்ந்தபோது, தேய்த்து மடித்து வைத்திருந்த ஒரு போர்வையை உருவி அதைச் சுற்றித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டே அழுதார்.

"மாமா, அது கஸ்டமர் போர்வை" என்று எடுத்துச் சொன்னான் மச்சினன்.

மச்சினன் என்றால் அவர் மனைவியின் தம்பி. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து மூன்று வருஷம் ஆகிறது. முப்பதைத் தாண்டிவிட்டது, அக்கா மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்டிக்கு மேலேயும் வேலை செய்யாமல் கீழேயும் படுக்காமல், நடுவில் கைப்பிடி மேல் உட்கார்ந்திருப்பது அவன் உத்தியோகம்.

நகராட்சி பிராணிகள் மருத்துவமனை சரிவான தெருவின் அடிவாரத்தில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: ‘ஆதரவற்ற உயிரினங்களுக்கு இலவச சிகிச்சை.’ இஸ்திரிக்காரருக்குப் பலகையைப் படித்ததுமே பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதியை இறக்கவிடாமல் உள்ளே கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

"யாரோட நாய்?"

"யாரோடதும் இல்ல சார். தெருநாய்."

"இதுக்கு நீங்க யாரு?"

"யாரும் இல்ல சார். இஸ்திரி போடுறவன்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொறுமையாகவே விளக்கினார். "ஆதரவற்றதுன்னா ஆதரவு இருக்கக் கூடாது. நீங்க தூக்கிட்டு வந்திருக்கீங்க. போர்வை சுத்தியிருக்கீங்க. கண்ணு வேற கலங்கியிருக்கு. இதுக்குப் பேரு ஆதரவு இல்லாம வேற என்ன?"

ஆதரவுள்ள நாய்களுக்குக் கட்டணப் பிரிவு உண்டாம். அதற்கு நாய் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு முன்னால் தடுப்பூசி போட வேண்டும். தடுப்பூசியை ஆரோக்கியமான நாய்க்குத்தான் போடுவார்கள். ஆகவே கால் சரியானதும் கூட்டி வந்தால், காலுக்கு வைத்தியம் பார்ப்பதில் யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

"அப்ப இலவசப் பிரிவுக்கு ஒரு நாய் எப்படித்தான் சார் வரும்?"

"தானா வரணும்."

"கால் உடைஞ்ச நாய் சார்."

"ஒண்ணுதானே உடைஞ்சிருக்கு?"

இலவசப் பிரிவை இஸ்திரிக்காரர் கதவு வழியாகப் பார்த்தார். வரிசையாகப் படுக்கைகள், மருந்துக்கும் ஒரு நாய் முடி இல்லை. அந்தச் சுத்தத்துக்காகக் கொடுத்த வெள்ளிக் கோப்பை மேஜை மேல் மின்னியது. உள்ளிருந்த இளம் மருத்துவர் வாசல்வரை வந்து, நாயின் காலைத் தொடாமல் பார்த்தார். தொட்டால் அதுவும் ஆதரவாகிவிடும். இன்னும் இரண்டு மூன்று நாளில் ஆபரேஷன் செய்யாவிட்டால் சீழ் மேலே ஏறிவிடும், அப்புறம் நாயே மிஞ்சாது என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு, காலி வார்டைக் கவனித்துக்கொள்ள உள்ளே போய்விட்டார்.

கொடுப்பது போலக் கொடுத்துப் பிடுங்கிக்கொள்ளும் அந்தப் பலகையை இஸ்திரிக்காரர் ராத்திரி முழுக்க மனசுக்குள் திட்டினார். காலையில் வண்டியிலிருந்து கரி அடுப்பை இறக்கினார், மேனேஜரைப் படுக்க வைத்தார், சரிவின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல் வாசலுக்குள் உருண்டு போய் நின்றால் அது தானாக வந்ததுதானே? மச்சினனை வாசலில் நிறுத்தினார்.

"மாமா, பிரேக்கு?"

"நீதான்டா மாப்ள."

வண்டி தானாகத்தான் வந்தது. கொஞ்சம் வேகமாகவே வந்தது. மச்சினனின் வலது பாதத்தின் மேல் ஏறி, அங்கேயே வசதியாக நின்றது. அவன் போட்ட சத்தத்தில் மாமா பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?"

கண்காணிப்பாளர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மனுஷன் நேர்மையானவர், பொய் சொல்லத் தெரியாது. நாய் தானாக வந்திருப்பதை மனமார ஒப்புக்கொண்டார். ஆனால் சொந்த வாகனத்தில் வந்திருக்கிறது. சொந்த வாகனம் வைத்திருக்கும் உயிரினத்தை ஆதரவற்றது என்று எப்படி எழுதுவது? நாளைக்குத் தணிக்கை வந்தால் அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்? வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்.

மேனேஜர் முனகுவதைக்கூட நிறுத்திவிட்டது. இஸ்திரிக்காரர் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வரும்போது, விற்க என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை விற்றால் நாய்க்குக் கால் வரும், தனக்கு வயிறு போகும். இருந்தாலும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். அந்த நேரத்தில்தான் மூன்றாவது மாடி அம்மா இறங்கி வந்தாள்.

இந்தக் குடியிருப்பில் போன வருஷம்வரை ஜாதி நாய்தான் நாகரிகம். உட்கார மெத்தையும் குடிக்கத் தனித் தண்ணீரும் கேட்கும் நாய்கள். இந்த வருஷம் காற்று மாறிவிட்டது. தெருவிலிருந்து மீட்ட நாய் இல்லாத வீட்டை மனுஷர் வீடாகவே மதிப்பதில்லை. எதிர் வீட்டில் ஒற்றைக் கண் நாய் வந்ததிலிருந்து மூன்றாவது மாடி அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

"அச்சச்சோ, எலும்பே தெரியுதே" என்றாள். இத்தனை சந்தோஷத்தை அவள் முகத்தில் இஸ்திரிக்காரர் பார்த்ததே இல்லை. ஆபரேஷன் செலவு முழுக்கத் தன்னுடையது, நாயை மீட்ட பெயர் மட்டும் தனக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. நாய் பிழைத்தால் போதும், அதை நிலாவே வந்து மீட்டதாகச் சொன்னாலும் அவருக்குச் சம்மதம்.

மீட்பு உடனே தொடங்கியது. காயத்தை அவர் கழுவி வைத்திருந்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். நாயைச் சாலையோரத்தில் கிடத்தச் சொன்னாள், ஓடி வந்து தூக்கினாள், படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் கிடத்தச் சொன்னாள். வெயில் கண்ணில் படாமல் குடை பிடிக்க மச்சினனைக் கூப்பிட்டாள். அவன் ஒற்றைக் காலில் நின்று பிடித்தான். வலது பாதம் அதற்குள் பலாக்காய் போல வீங்கியிருந்தது. "ஆடாம பிடிப்பா" என்றாள் அம்மா.

தனியார் மருத்துவமனையில் மேனேஜருக்கு இரும்புத் தகடு வைத்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டது. கண் விழித்ததும் இஸ்திரிக்காரரின் கையை நக்கியபோது அவர் மறுபடியும் அழுதார். மூன்றாவது மாடியில் இரண்டே நாள் இருந்தது. அதற்குள் எடுக்க வேண்டிய படங்களை எடுத்து முடித்துவிட்டார்கள், அதுவும் கடிக்க வேண்டிய சோபாவைக் கடித்து முடித்துவிட்டது. இரு தரப்பும் மனமொத்துப் பிரிந்தார்கள். மேனேஜர் பழைய இடத்தில் பொறுப்பேற்றுக்கொண்டது.

குடியிருப்பில் வயிற்றெரிச்சல் கிளம்பியது. எதிர் வீட்டு அம்மா, பக்கத்து வீட்டு அம்மா என்று ஆளாளுக்கு இஸ்திரி வண்டிக்கு வந்து ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். நல்லா இருக்கிற நாயெல்லாம் வேண்டாம், அடிபட்டது ஏதாவது வந்தால் முதலில் எங்களுக்குச் சொல் என்று. அக்கம்பக்கத்து நாய்களுக்கு இது எப்படியோ தெரிந்து, சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க ஆரம்பித்தன.

இத்தனைக்கும் நடுவில் மச்சினனின் கால் கறுத்துக்கொண்டு வந்தது. மனுஷர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டே போனான். எப்படி வந்தாய் என்றார்கள். தானாக நடந்து வந்தேன் என்றான். தானாக நடந்து வருகிறவனுக்கு அவசரப் பிரிவில் என்ன வேலை, நாலு பேர் தூக்கி வந்தால்தான் அவசரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் இஸ்திரிக்காரருக்குப் பொறி தட்டியது. தூக்கி வந்தவனை ஓர் இடத்தில் சேர்க்கமாட்டார்கள், தானாக வந்தவனை இன்னோர் இடத்தில் சேர்க்கமாட்டார்கள். ஆளை இடம் மாற்றிவிட்டால் கதை முடிந்தது.

"பலகையில நாய்னு போடல மாப்ள. உயிரினம்னுதான் போட்டிருக்கான்."

மச்சினன் தனியாக நொண்டிக்கொண்டு உள்ளே போனான். மாமா பத்தடி தள்ளி, சம்பந்தமில்லாதவர் போல வாசலில் நின்றார். கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உயிரினம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தார். மச்சினனை மூச்சு விடச் சொல்லிப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு வாசலில் நின்றவரைக் கை காட்டி அழைத்தார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

"யாருன்னே தெரியாது சார். தெருவுல கிடந்தார்."

இதைச் சொல்ல அவருக்கு இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷமாக நாக்கு நுனியில் காத்திருந்த வாக்கியம் போல வழுக்கிக்கொண்டு வந்தது. மச்சினன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தான்.

இலவசப் பிரிவின் முதல் நோயாளி என்பதால் ராஜ மரியாதை கிடைத்தது. படுக்க வைத்தார்கள், தட்டில் கத்தி கத்தரியெல்லாம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மச்சினன் விசாரித்தான். தெருவிலிருந்து வரும் எந்த ஆணுக்கும் முதலில் கருத்தடை, பிறகு அடையாளத்துக்குக் காதில் ஒரு நறுக்கு, அதன் பிறகுதான் கால் என்றார் ஊழியர்.

"எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க!"

"அதுக்குத்தான் முதல்லயே பண்ணிடுறது" என்றார் ஊழியர், ஆதரவாக.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். குரைப்பதோடு விட்டிருந்தால் மச்சினன் குரைத்திருப்பான். கட்டிலிலிருந்து குதித்தவன் சரிவான தெருவில் மேல்நோக்கி ஓடியதை ஊரே பார்த்தது. கண்காணிப்பாளர் பதிவேட்டில் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்: ‘ஆதரவற்ற உயிரினம் ஒன்று தானாக வந்து, சிகிச்சைக்கு ஆயத்தம் செய்த அளவிலேயே பூரண குணமடைந்து, நாலு கால் பாய்ச்சலில் திரும்பியது.’ அடுத்த கோப்பைக்கு மேஜையில் இடம் ஒதுக்கிவிட்டதாகக் கேள்வி.

வீட்டில் நடந்ததைப் பற்றிக் கோப்பு எதுவும் இல்லை. தம்பியின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அக்கா அவன் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வந்தாள். புருஷனை வாசற்படியிலேயே நிறுத்தினாள்.

"என் தம்பி தெருவுல கிடந்தவனா?"

"விதி அப்படிம்மா. அவனுக்காகத்தானே சொன்னேன்."

"சரி. எவ்வளவு நேரம் யோசிச்சுச் சொன்னீங்க?"

கதவு சாத்திக்கொண்டது.

வேறு போக்கிடம் இல்லாமல் வண்டிக்கடியில் போய், மேனேஜருக்குப் பக்கத்தில் முடங்கினார். குளிருக்கு அதே பழைய போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். ரத்தக் கறை போகத் துவைத்தும் யாருடையது என்று தெரியாமல் வண்டியிலேயே கிடந்த போர்வை.

விடிந்ததும் மூன்றாவது மாடி அம்மா எதிர் வீட்டு அம்மாவோடு இறங்கி வந்தாள். மாவுக்கட்டோடு மச்சினன் கைப்பிடி மேல் உட்கார்ந்திருந்தான். அம்மா குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள். போர்வைக்குள் ஏதோ புரண்டது.

"மேனேஜர் பக்கத்துல என்னது, புதுசா? யாரோடது?"

மச்சினன் இமைக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"யாருன்னே தெரியாதுங்க. தெருவுல கிடந்துச்சு."

எதிர் வீட்டு அம்மாவின் கண் விரிந்தது. கைப்பைக்குள் கை போனது. "அடிகிடி ஏதாவது பட்டிருக்கா?"

போர்வைக்குள் மூச்சுச் சத்தம் நின்றது. இத்தனை நடந்தும் மச்சினன் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று உள்ளே ஒரு ஜீவன் நம்பிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

"அட, நல்லா இருக்கிறதா?" இருவர் முகமும் விழுந்துவிட்டது. திரும்பி நடந்த மூன்றாவது மாடி அம்மா, நாலடி போய் நின்றாள்.

"ஏம்பா, அது மேல கிடக்கிறது எங்க வீட்டுப் போர்வை மாதிரி இருக்கே. உருவிக் குடுத்துடு."