வாசலுக்கு ஒரு வேகத்தடை

மூன்றாவது லாரியும் நிற்காமல் போனதும் ஃபிடேன்சியோ கரண்டியைத் தூக்கிப் போட்டார். அவர் மனைவி ஹொவீத்தா பூசணிப்பூவை ரொட்டிக்குள் மடித்துச் சுடும் கேசடியாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கத்தான் ஆளில்லை.

"வாசனை அவனுங்க மூக்குக்கு எட்டுறதுக்குள்ள அடுத்த ஊருக்கே போயிடறானுங்க" என்றாள் ஹொவீத்தா.

"அப்ப நிறுத்திடுவோம்."

வேகத்தடை கட்ட எங்கள் பக்கம் யாரும் யாரையும் கேட்பதில்லை. மச்சான் ஒருவர், மிச்ச சிமெண்ட், கொஞ்சம் பீர் இருந்தால் போதும். மறுநாளே லாரிகள் முனகிக்கொண்டு ஏறி இறங்கின. ஓட்டுநர்கள் ஜன்னல் வழியே கை நீட்டினார்கள். மலைப்பக்கம் புதிதாக ஒரு சுங்கச் சாலை இருந்தது. காசு கொடுத்து யார் போவார்கள்? அங்கே ஆடுகள்தான் மேய்ந்தன.

ஹொவீத்தா நாலு மேசை போட்டுத் திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்கூட யோசித்துவிட்டாள்.

ஒரு வாரம் பொறுத்தான் பக்கத்து வீட்டு நபோர். பிறகு தன் வாசலில் இன்னும் உயரமாக ஒன்று கட்டி, தேங்காய் மிட்டாய் விற்க உட்கார்ந்தான். லாரிகள் முதலில் அவனிடம் நின்றன.

"ஏன்டா, என்னப் பாத்து காப்பி அடிக்கிறியா?"

"ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு வாசலா?"

ஃபிடேன்சியோ சூடாகக் கேசடியா கட்டிக்கொண்டு நகராட்சித் தலைவர் டான் ஹெர்மிலோவிடம் போனார். "தலைவரே, நபோரோடத இடிக்கணும்."

தலைவர் நிதானமாகத் தின்று முடித்து மீசையைத் துடைத்தார். "ஒருத்தன் பொழைக்க இன்னொருத்தன் வயித்துல அடிக்கிறதா? என் ஆட்சியில நடக்காது. எல்லாருக்கும் ஆளுக்கொரு வேகத்தடை! சிமெண்ட் இலவசம்!"

ஒவ்வொரு மூட்டையிலும் அச்சடித்த படத்தில் தலைவர் சிரித்தார். பேண்டு வாசித்தார்கள். தேவாலயத்துக்கு இரண்டு, வீடே இல்லாத குடிகாரன் சிலாதோவுக்கும் ஒன்று. தேர்தலில் தலைவர் அமோகமாக ஜெயித்தார். ஃபிடேன்சியோவே ஓடியாடி ஓட்டுக் கேட்டார், பாவம்.

பேருந்துப் பயணிகள் இறங்கி நடந்தே பேருந்தை முந்தினார்கள். லாரிகளின் அச்சு முறிந்தது. பிறகு வண்டி வருவதே நின்றுபோனது. ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"மொதல்ல நீ இடி!" என்றார் ஃபிடேன்சியோ.

"நான் இடிச்சா உன் கடையிலதானே நிப்பான்? நீ இடி!" என்றான் நபோர்.

ஊரே இப்படி ஒருவரையொருவர் கைகாட்டியது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. ஹொவீத்தா மேசைக்கென்று வாங்கிய பலகைகளை உடைத்து அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் அவளும் ஃபிடேன்சியோவும் கூடையைச் சுமந்துகொண்டு மலையேறிச் சுங்கச்சாவடிக்குப் போனார்கள். அங்கே ஆடுகளைக் காணோம். வண்டிகள் வரிசைகட்டி நின்றன.

"இங்க விக்கலாமாம்மா?" என்று சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கெஞ்சினார் ஃபிடேன்சியோ. "கீழ எங்க ஊருல வேகத்தடையா போட்டு, பொழப்பே போச்சு. அதையும் நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன்."

அவள் முகம் மலர்ந்தது.

"அட, அது நீங்கதானா! தாராளமா வில்லுங்கய்யா, இந்த ரோட்டுக்கு எங்க மொதலாளி டான் ஹெர்மிலோ செஞ்ச ஒரே விளம்பரம் அந்த சிமெண்ட்தான!"