கறுப்புப் பின்னணியில் பாக்கியசாமி

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நல்ல ஆரோக்கியத்தோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாக்கியசாமியின் கேட்டரிங் கடை வாசலில் முதல் மலர்வளையம் வந்து நின்றது.

ஊதா நிற ஆர்கிட் பூக்களால் கட்டிய பெரிய வளையம். மரக்கால்களின் மேல் கம்பீரமாகச் சாய்ந்திருந்தது. ரிப்பனில் பெயர் இல்லை. யார் கொண்டு வந்து வைத்தார்கள் என்று அக்கம்பக்கத்துக் கடைகளில் யாரும் பார்க்கவில்லை.

ஷேரன் சமையலறைக்கு ஓடினாள்.

"பெரியப்பா, வாசல்ல மலர்வளையம் வந்திருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குன்னு நினைக்கிறேன்."

பாக்கியசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். காலையில் பாசாருக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், மீன் வாங்காமலே திரும்பியிருந்தார். அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேநீரை ஆற்றிக் குடித்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார்.

ஷேரனால் பூவை ரசிக்க முடியவில்லை. காரணம் அவள் கையிலிருந்த போனில் இருந்தது. நேற்று மாலை அவள் வெளியிட்ட, அவளுடைய வாழ்க்கையின் முதல் வெப்சைட்.

ஷேரனுக்குப் பத்தொன்பது வயது. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்தத் தொண்டைக்குப் பயந்தே நாலாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன் பிறகு ஒரு பழைய லேப்டாப்பும் யூடியூபும்தான் அவளுக்கு வாத்தியார்கள். வெப்சைட் செய்வதில் அவளுக்குப் பிடித்த விஷயம், அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பது.

அம்மா தெரேசாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. கெடு வைத்துவிட்டாள். பெரியப்பாவின் கேட்டரிங் வெப்சைட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று ஆர்டராவது வரவேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, அண்ணன் கிளிஃபர்ட் வேலை செய்யும் பத்து காவான் ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் போகவேண்டும். கிளிஃபர்ட் நீலச் சீருடையை வாங்கி, அயர்ன் போட்டு, அவள் அறைக் கதவிலேயே மாட்டியும் விட்டான்.

பெரியப்பாவின் நிலைமையும் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷம் பினாங்குக்கே கல்யாணச் சோறு போட்டவர். ஐந்து மாதமாக அவருடைய போன் அடிக்கவில்லை. "நான் உயிரோட இருக்கேனான்னுகூட யாரும் கேக்கறதில்லலா" என்று அடிக்கடி சொல்வார்.

அதனால் ஷேரன் உயிரைக் கொடுத்து உழைத்தாள். இந்த வருஷத்து டிரெண்ட் எல்லாவற்றையும் பார்த்து வைத்தாள். முதல் டிரெண்ட், கறுப்புப் பின்னணி. அதன் நடுவில் பெரியப்பாவின் படம். சட்டையிலிருந்த மஞ்சள் கறை எதைச் செய்தாலும் போகாததால் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கினாள். இரண்டாவது டிரெண்ட், எளிமை. ஆகவே கையிலிருந்த கரண்டியை வெட்டி எறிந்தாள். படத்துக்குக் கீழே, கடை தொடங்கிய வருஷத்தையும் சேர்த்து, மெல்லிய எழுத்தில்: 'பாக்கியசாமி. 1987 – 2025. பினாங்கு மக்கள் நெஞ்சில் என்றும்.'

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதைப் பெரியப்பாவிடம்தான் முதலில் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "அருமை. இத எடுத்துடாத" என்று சொல்லிவிட்டுத்தான் பாசாருக்குக் கிளம்பினார்.

அன்று லீவு போட்டிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கிளிஃபர்ட் போனைப் பார்த்தான். வாசலிலிருந்த வளையத்தைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான்.

"அடியேய், இது வெப்சைட்டா, மரண அறிவிப்பா?"

"டார்க் மோட்ண்ணே. எல்லாரும் இப்ப அப்படித்தான் செய்றாங்க."

"எல்லாரும் செய்றாங்க. ஆனா அவுங்க வாசல்ல பூ வரலியே!"

அதற்குள் யாரோ வளையத்தைப் படம் பிடித்து, வெப்சைட் முகவரியோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். தெரேசாவின் போன் ஓயாமல் அடித்தது. பெரியப்பாவின் போனில் சார்ஜ் இல்லை.

"இல்லீங்க அக்கா, நல்லா இருக்காரு. இப்பத்தான் ரொட்டி சானாய் ரெண்டு சாப்பிட்டாரு" என்று தெரேசா ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: 'பாவம் தெரேசா. அதிர்ச்சியில் என்னென்னவோ பேசுகிறது. எல்லாரும் ஜெபியுங்கள்.'

"பெரியப்பா, வெப்சைட்ட எடுத்துடறேன்" என்றாள் ஷேரன்.

"எடுக்காத! எடுத்தா, ஆளும் போயிட்டாரு, வெப்சைட்டும் போச்சுன்னு பேசுவாங்க. வேணும்னா கொஞ்சம் மாத்திப் பாரு."

ஷேரன் கறுப்பை எடுத்துவிட்டுத் தூய வெள்ளையாக்கினாள். படத்தைச் சுற்றி மெல்லிய பொன்னிறக் கோடு.

கிளிஃபர்ட் பார்த்தான். "இப்ப நல்லாருக்கு. முப்பதாம் நாள் பூசையில குடுக்கிற நினைவு அட்டை மாதிரியே இருக்கு."

அன்று மாலை இரண்டாவது வளையம் வந்தது. மஞ்சள் சாமந்தி. பாக்கியசாமி கிட்டே போய் நான்கு தடவை தும்மினார். "உள்ள கொண்டு வராதீங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஷேரன் யோசித்தாள். படம் அசையாமல் இருப்பதால்தானே செத்தவர் மாதிரி தெரிகிறது? அசைய வைத்தால்? அதுவும் இந்த வருஷத்து டிரெண்ட்தான். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் மிதந்து நகரவேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்து முடித்தாள்.

தெரேசா போனை வாங்கி விரலால் தள்ளினாள். பெரியப்பா மெல்ல மேலே எழும்பினார். சிரித்த முகத்தோடு வெள்ளைக்குள் கரைந்து, திரையின் உச்சியில் மறைந்து போனார்.

தெரேசா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "நேரா மேலயே அனுப்பிட்டியேடி!"

"அம்மா, அது அனிமேஷன்."

"என்னமோ ஒண்ணு. ஆளு திரும்பி வரலியே!"

கடைசியில் ஷேரன் பெரிய ஆயுதத்தையே எடுத்தாள். குரல் உதவியாளர். வெப்சைட்டைத் திறந்ததும் பெரியப்பாவின் குரலிலேயே பேசும். அவர் குரலைக் கேட்டால் உயிரோடு இருக்கிறார் என்று எந்த மடையனுக்கும் புரியாதா? பெரியப்பாவே சந்தோஷமாக உட்கார்ந்து பேசிக் கொடுத்தார். என்ன பேசவேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

நிபோங் திபாலில், முப்பது வருஷமாகப் பாக்கியசாமியின் சமையலைச் சாப்பிட்டு வந்த நவமணி, துக்கத்தோடு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே அந்த வெப்சைட்டைத் திறந்தாள். போன் பேசியது.

"நான்தான் பாக்கியசாமி. நான் எங்கயும் போகல. உங்க கூடவேதான் இருக்கேன். எத்தனை பேருக்கு, எந்தத் தேதின்னு சொல்லுங்க."

நவமணி போனைக் கோழிக்கூண்டுக்குள் எறிந்தாள். அப்புறம் புருஷனுடைய போனிலிருந்து தெரேசாவைக் கூப்பிட்டாள்.

"தெரேசா! உன் மச்சான் ஆவி இன்னும் அடங்கலடி! எத்தனை பேரு, எந்தத் தேதின்னு கேக்குது! எங்க குடும்பத்தையே கூட்டிட்டுப் போகப் பாக்குது!"

"அக்கா, அது கம்ப்யூட்டரு!"

"கம்ப்யூட்டருக்குள்ள பூந்துருச்சா? ஐயோ!"

ஷேரன் இதைப் பெரியப்பாவிடம் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை பேருக்குன்னு நவமணி பதில் சொல்லுச்சா?"

மாலையில் ஷேரன் எல்லா டிரெண்டையும் தூக்கி எறிந்தாள். படம் வேண்டாம், குரல் வேண்டாம், மிதப்பது வேண்டாம். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ராட்சத எழுத்து. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூன்றே சொற்கள்: 'பாக்கியசாமி உயிரோடு இருக்கிறார்.'

கிளிஃபர்ட் அதை இரண்டு தடவை படித்தான்.

"வெள்ளிக்கிழமை போனவரு உயிரோட இருக்காருன்னு போட்டிருக்க, விடிஞ்சா ஞாயித்துக்கிழமை, ஈஸ்டர் மாதிரியே இருக்கு. ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ஷேரன் லேப்டாப்பை மூடினாள். கதவில் நீலச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை வந்த ஆர்டர், சைபர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடைக்குப் போனபோது, பெரியப்பா மூன்று அண்டாக்களில் சமைத்துக்கொண்டிருந்தார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், தால்ச்சா.

"யாருக்குப் பெரியப்பா இவ்வளவு?"

"வர்றவங்களுக்குத்தான்."

வந்தார்கள். பூசை முடிந்ததும் கோயிலே எழுந்து வந்த மாதிரி வந்தார்கள். கறுப்புச் சட்டைகள், வெள்ளைச் சேலைகள், செபமாலைக் குழு. பிரச்சினைக்கு ஒரு முடிவு தெரியாமல் விடுவதில்லை என்று நிபோங் திபாலிலிருந்து நவமணியும் கார் பிடித்து வந்தாள். லிட்டில் இந்தியாவின் பூக்காரி துளசி, வேனிலிருந்து ஏழு வளையங்களை இறக்கினாள். ஏழும் சாமந்தி. கடைக்குள் இடம் இல்லாமல் கூட்டம் நடைபாதையில் நின்றது.

"உடம்பு எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

தெரேசா பேசிப் பேசிக் குரல் போய் உட்கார்ந்திருந்தாள். கிளிஃபர்ட் தங்கையைப் பார்த்தான். "நீ ஆரம்பிச்சது. நீயே சொல்லு."

ஷேரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறினாள். அறுபது எழுபது முகங்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. தொண்டை அடைத்தது. நாலாம் படிவத்தில் அடைத்த அதே இடத்தில். ஆனால் இன்றைக்கு ஓடினால் நேராகப் பத்து காவான்தான்.

"பெரியப்பா சாகல" என்றாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "அது டிரெண்ட்!"

ஒருவருக்கும் புரியவில்லை. "பாவம், அம்மா மாதிரியே ஆயிடுச்சு" என்று நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செபமாலைக் குழு மண்டியிடத் தயாரானது.

அப்போது காற்று வாசலிலிருந்து உள்ளே வீசியது. சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல். பாத்திரங்கள் அதிரும் தும்மல். தொடர்ந்து இன்னொன்று. இன்னொன்று. ஏழாவது தும்மலோடு திரை விலகியது. மஞ்சள் கறை படிந்த சட்டையோடு, கையில் கரண்டியோடு பாக்கியசாமி நின்றார்.

"பூவெல்லாம் தூர வைங்கலா! சாப்பாடு ஆறுது."

நவமணி அலறினாள். அப்புறம் ஓடி வந்து அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள். அப்புறம் அதே கையில் ஒரு அடி போட்டாள். கூட்டம் சிரித்தது, அழுதது, பந்தியில் உட்கார்ந்தது.

பிரட்டலின் முதல் வாய்க்கே பேச்சு நின்றுபோனது. இரண்டாவது வாயில் எல்லாருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. இந்தக் கையைத்தானே ஐந்து மாதமாக மறந்திருந்தோம்? நாளைக்கே உண்மையில் ஏதாவது ஆகிவிட்டால்?

"டிசம்பர்ல என் மக கல்யாணம்" என்றாள் நவமணி. "அறுநூறு பேரு. இப்பவே எழுதிக்க."

"எங்க வீட்டு ஞானஸ்நானம், எண்பது பேரு!"

"கிறிஸ்துமஸ் எனக்கு! நான்தான் மொதல்ல கேட்டேன்!"

தெரேசா பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். பதினான்காவது ஆர்டரில் இடம் தீர்ந்தது. அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கிளிஃபர்டைப் பார்த்தாள்.

"அந்தச் சட்டைய நீயே போட்டுக்க" என்றாள்.

ஆட்கள் இப்போது ஷேரனையும் சுற்றிக்கொண்டார்கள். ஒரு தையல்கடைக்காரி, ஒரு டியூஷன் வாத்தியார், கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஒருவர். எல்லாருக்கும் வெப்சைட் வேண்டும். "மூணு நாள்ல பினாங்கு பூரா பேச வச்சிட்டியேம்மா!" ஷேரன் ஒவ்வொருவரின் கண்ணையும் நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். தொண்டை அடைக்கவே இல்லை. கறுப்புப் பின்னணி மட்டும் யாருக்கும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கடைசியாக வந்தவள் பூக்காரி துளசி. கையில் நெய்ச்சோற்றுத் தட்டு.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா. மூணு நாளா உன்னால எனக்கு நல்ல யாவாரம்."

"செய்யலாம்க்கா. என்ன கலர் வேணும்?"

இதுவரை வெளியே நின்றிருந்த துளசிக்கு இப்போதுதான் உள்ளே தெரிந்தது. பந்தியில் குனிந்து கறி பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பாவையே உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, இவருதானா உங்க பெரியப்பா? வெள்ளிக்கிழமை காலையில நான் கடை தொறந்ததும் மொத ஆளா வந்து, 'சாமந்தி வேணாம்மா, எனக்குத் தும்மல் வரும், ஆர்கிட் மட்டும் வச்சுக் கட்டு'ன்னு பக்கத்துலயே நின்னு மலர்வளையம் வாங்கிட்டுப் போனவரு!"